கேட்டு வாங்கிய கணினி நேரம்

நீங்கள் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கணினியின் பிராசசருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை எதுவும் இல்லை. திரையில் எழுத்து வந்துவிட்டது. நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போகும்வரை அது காத்திருக்கும். நொடிக்குப் பல நூறு கோடிக் கணக்குகள் போடக்கூடிய ஓர் இயந்திரம், நாளின் பெரும்பகுதியை நாம் அடுத்த பட்டனை எப்போது தட்டுவோம் என்று பார்த்துக்கொண்டே கழிக்கிறது. உலகம் முழுவதும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் கணினிகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், இன்றைய எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் எட்ட முடியாத அளவு திறன் தினமும் பயன்படாமல் போகிறது என்பது புரியும்.

அந்த நேரத்தைச் சேர்த்து எடுத்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் எனக்குப் பல வருடங்களாக ஈடுபாடு உண்டு. என் கணினியிலும் அப்படி ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: இத்தனை லட்சம் கணினிகள், இத்தனை பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள்). அது முக்கியம்தான். ஆனால் ஆராய்ச்சியாளர் ஒருவர் முன்பின் தெரியாத மனிதர்களிடம் போய், 'இதற்காகத்தான் கேட்கிறேன், உங்கள் கணினியைக் கொஞ்சம் தருவீர்களா' என்று கேட்டாக வேண்டும் என்பதைத்தான் நான் இதில் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். கேட்க வேண்டிய அந்தக் கட்டாயம் அறிவியலை நல்ல விதத்தில் வளைத்திருக்கிறது.

யோசனை இணையத்தைவிடப் பழையது. 1970களின் இறுதியில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஜான் ஷோக், ஜான் ஹப் என்ற இருவர், இரவில் ஆளில்லாமல் கிடந்த ஆல்டோ கணினிகளை நெட்வொர்க் வழியே தேடிப் பிடித்து அவற்றில் குடியேறும் நிரல்களை எழுதினார்கள். அவற்றுக்கு 'புழு' என்று பெயர். ஒரு நாள் இரவு சின்னப் புழு ஒன்றை ஓடவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் கணினிகள் வரிசையாகச் செயலிழந்து கிடந்தன. நிரலின் ஒரு பிரதி எங்கேயோ சிதைந்துபோய், சிதைந்த வடிவத்திலேயே பரவியிருந்தது. ஒரு கணினியை மறுபடி கிளப்பினால் புழு அதையும் பிடித்துக்கொண்டது. எல்லாப் பிரதிகளையும் நிறுத்தும் அவசர ஆணை ஒன்றை முன்பே எழுதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். 1982ல் இதை அவர்களே கட்டுரையாக எழுதினார்கள்.

1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு உருவாக்கிய கான்டார் அமைப்பு இதையே ஒழுங்காகச் செய்தது. கணினிக்குச் சொந்தக்காரர் கீபோர்டைத் தொட்டவுடன் வெளியாளின் வேலை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். முடித்தவரை குறித்து வைத்துக்கொண்டு, வேறொரு சும்மா கிடக்கும் கணினிக்கு மாறி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 'உரிமையாளருக்கே முதல் உரிமை' என்ற அந்த விதியை இன்றுவரை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் அது ஒரே பல்கலைக்கழகத்துக்குள், தெரிந்தவர்களின் கணினிகளுக்குள் நடந்த வேலை. முகம் தெரியாதவர்களிடம் கேட்பது அதற்குப் பிறகு வந்தது.

செய்தியை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையைக் கண்டுபிடித்த மூவரும் 1977ல் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, இதை இரண்டு பகா எண்களாக உடைத்துக் காட்டுபவருக்கு 100 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். 1994ல் அது உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் ஏறத்தாழ 1,600 கணினிகளில் எட்டு மாதம் வேலை செய்து, முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 1996 தொடக்கத்தில் ஜார்ஜ் வோல்ட்மன் மெர்சென் பகா எண்களை (இரண்டைப் பல முறை பெருக்கி 1 கழித்தால் கிடைக்கும் பகா எண்கள்) தேடும் கிம்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். 1997ல் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் வந்தது. மறையாக்கத்தைத் திறக்கும் 64 பிட் சாவி ஒன்றைத் தேடி அவர்கள் 1,757 நாள் உழைத்து 2002ல் முடித்தார்கள். அதில் பங்கெடுத்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். இவையெல்லாம் கணிதத்திலும் மறையாக்கத்திலும் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களின் உலகம். வெளியே இருந்தவர்களையும் உள்ளே அழைத்து வந்தது செட்டி அட் ஹோம்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1999 மே 17 அன்று அது வெளியானது. வேற்றுக்கிரகத்திலிருந்து ரேடியோ சைகை ஏதாவது வருகிறதா என்று தேடும் வேலை. இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியில் அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கப்படவில்லை. மற்ற வானியலாளர்கள் தங்கள் ஆய்வுக்காகத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருக்க, இவர்களின் ஏற்பி அதே சமயத்தில் வானத்தின் வேறொரு பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த கணினிகளுக்கு வேலை வந்ததே தொலைநோக்கியின் சும்மா கிடந்த கோணத்திலிருந்துதான்.

பதிவான தரவு டேப்புகளில் ஏறி, தபாலில் பெர்க்லிக்கு வந்தது. அங்கே 1420 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்த 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையை 256 இழைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இழையையும் 107 நொடி நீளத் துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு துண்டு சுமார் 350 கிலோபைட். டயல்-அப் இணைப்பிலும் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். ஆனால் அதற்குள் தேடி முடிக்க அன்றைய வீட்டுக் கணினிக்குப் பல மணி நேரம் பிடித்தது. பூமி சுழல்வதால் வானத்தின் ஒரு புள்ளி தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஏறக்குறைய 12 நொடி ஆகும். ஆகவே உண்மையிலேயே வானத்திலிருந்து வரும் சைகை, 12 நொடிக்குள் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். பக்கத்தில் எங்கோ ஓடும் ரேடாரின் இரைச்சல் அப்படி ஏறி இறங்காது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் லட்சக்கணக்கான கணினிகள் தேடின.

தேடலை எல்லாரும் கண்ணால் பார்க்க முடிந்தது. ஸ்கிரீன்சேவரில் பல வண்ணங்களில் வரைபடம் எழுந்து விழும். எந்தத் தேதியில், வானத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்த தரவு என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இது என்ன' என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களில் பலர் தாங்களும் நிறுவிக்கொண்டார்கள். மொத்தம் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். தொடங்கியவர்கள் இதில் ஒரு சிறு பங்கைக்கூட எதிர்பார்க்கவில்லை. ஆரம்பத்தில் ஆட்கள் அதிகமாகி, வெட்டிக் கொடுக்கத் தரவு போதாமல், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிய நிலைகூட வந்தது.

அப்புறம், எல்லாக் கணக்கையும் இப்படி வெட்ட முடியாது. உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. நாளைய வானிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தின் காற்று பக்கத்துக் கட்டத்துக்குப் போகும். ஒவ்வோர் அடியிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ஒரு கட்டத்தை உங்கள் வீட்டுக்கும் இன்னொன்றை என் வீட்டுக்கும் கொடுத்தால், கணக்குப் போடும் நேரத்தைவிடப் பேசும் நேரம் பல மடங்கு அதிகமாகிவிடும். தன்னார்வக் கணினிகளுக்கு ஏற்றது, கொஞ்சம் தரவை வாங்கிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ரொம்ப நேரம் உழைத்து, சின்ன விடையைத் திருப்பித் தரும் வேலை.

ஆனால் வேலையையே வேறு மாதிரி கேட்டால் கதவு திறக்கும். 2003ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தொடங்கிய கிளைமேட்பிரெடிக்‌ஷன் டாட் நெட் அதைச் செய்தது. ஒரே ஒரு துல்லியமான கணிப்பை ஆயிரம் கணினிக்குப் பிரித்துக் கொடுக்காமல், முழு பூமியின் காலநிலை மாதிரியையே ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். மேகம் எப்படி உருவாகிறது, மழை எந்த நிலையில் பெய்கிறது போன்ற, யாருக்கும் சரியாகத் தெரியாத அளவுகளை மட்டும் ஒவ்வொரு கணினியிலும் கொஞ்சம் மாற்றி வைத்தார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும்? 2005ல் நேச்சர் இதழில் வந்த முதல் முடிவில், 2,000க்கும் மேற்பட்ட ஓட்டங்களின் விடைகள் 2 டிகிரிக்குக் கீழிருந்து 11 டிகிரிக்கு மேல்வரை பரவியிருந்தன. பரவல் அவ்வளவு அகலம் என்பதுதான் கண்டுபிடிப்பு. ஒரே சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு சில ஓட்டங்களோடு நின்றிருந்தால் அந்த அகலம் கண்ணில் பட்டிருக்காது.

இதே திட்டம் 2006ல் பிபிசியுடன் சேர்ந்து ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கியது. பல வாரங்கள் ஓடிய பிறகு, உள்ளீட்டுக் கோப்பு ஒன்றில் பிழை இருப்பது தெரியவந்தது. மனிதர்கள் காற்றில் விடும் சல்ஃபேட் வெயிலைத் தடுத்துப் பூமியைச் சற்றுக் குளிர்விக்கும்; அதன் அளவு அந்தக் கோப்பில் சரியாகக் கூடவில்லை. அதனால் மாதிரிகள் தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் கணினியை ஓடவிட்டவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்கள். சல்ஃபேட் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு, பிழையான ஓட்டங்களே ஒரு பாடமாக உதவும் என்றும் விளக்கினார்கள். ஆய்வகத்துக்குள் நடந்திருந்தால் இது யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும் விஷயம். கடன் வாங்கிய கணினி என்பதால் கணக்குச் சொல்ல வேண்டி வந்தது. இது வேகத்தைவிடப் பெரிய லாபம் என்பேன்.

நம்பிக்கை இரண்டு பக்கமும் வேண்டும். ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள்: யாரோ ஒருவரின் கணினி அனுப்பிய விடையை எப்படி நம்புவது? அந்தக் கணினியின் நினைவகச் சிப் பழுதாக இருக்கலாம். வேகம் வேண்டுமென்று பிராசசரை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கலாம். சிலர் வேண்டுமென்றே பொய் விடையும் அனுப்பினார்கள். செட்டி அட் ஹோமில் யார் எத்தனை துண்டு முடித்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. அதில் மேலே வருவதற்காக நிரலை மாற்றி எழுதியவர்கள் உண்டு. பணம் கிடையாது, பட்டியலில் ஒரு இடம் மட்டும்தான். அதற்கே இவ்வளவு.

தீர்வு எளிமையானது, ஆனால் செலவு பிடித்தது. ஒரே வேலையை ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேருக்குக் கொடு; விடை ஒத்துப்போனால் ஏற்றுக்கொள், இல்லையென்றால் மூன்றாமவரிடம் கேள். இதிலும் சிக்கல் உண்டு. தசம எண் கணக்குகளில் வேறு வேறு பிராசசர்களும் ஆபரேட்டிங் சிஸ்டங்களும் கடைசி இலக்கங்களில் சற்றே வேறுபட்ட விடை தரும். சில கணக்குகளில் அந்த நுண்ணிய வேறுபாடு போகப்போக வளர்ந்து, இரண்டு நேர்மையான கணினிகளே முரண்பட்டு நிற்கும். அதனால் ஒரே வகைக் கணினிகளுக்கு மட்டும் ஜோடி சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தொடர்ந்து சரியான விடை தந்துவரும் கணினியை அவ்வப்போது மட்டும் சோதித்தால் போதும் என்ற ஏற்பாடும் வந்தது. பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் 2002ல் தொடங்கிய பாயிங்க் என்ற பொதுத் தளம் இவற்றையெல்லாம் உள்ளடக்கியது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆய்வகமும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை.

கிம்ப்ஸ் இதை இன்னும் அழகாகத் தீர்த்தது. பல வருடங்கள் அங்கே ஒவ்வொரு சோதனையும் இரண்டு முறை நடந்தது. அதாவது, மொத்த உழைப்பில் பாதி சரிபார்க்கவே போனது. ராபர்ட் கெர்பிச் கண்டுபிடித்த பிழைகாணும் முறை வந்ததும், கணக்கு நடக்கும்போதே தவறு அகப்பட்டது. பிறகு 2020ல், கணினி தன் விடையோடு ஒரு சான்றையும் சேர்த்து அனுப்பும் முறை வந்தது. அந்தச் சான்றைச் சரிபார்க்க, முதலில் செய்த வேலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. முகம் தெரியாதவர் சொல்வதை அவரை நம்பாமலேயே நம்பலாம். இதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் அந்தத் திட்டம் கண்டுபிடித்த பகா எண்ணைப் பெற, 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையில் 1 கழிக்க வேண்டும். எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும். இதை எழுதும்போது தெரிந்த பகா எண்களில் அதுதான் மிகப் பெரியது.

மறுபக்கம், கணினி கொடுப்பவர் ஏன் நம்ப வேண்டும்? உங்கள் கணினியில் வேறொருவரின் நிரல் இரவும் பகலும் ஓடப்போகிறது. இணையப் பக்கங்களில் ஒளிந்துகொண்டு, வருகிறவர்களின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டிய நிரல்கள் 2017ஐ ஒட்டிப் பரவலாக வந்தன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுவும் சும்மா இருக்கும் கணினியைப் பயன்படுத்துவதுதான். கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை, நிறுத்தும் வழி தரவில்லை. ஒன்று கொடை, மற்றொன்று திருட்டு. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

நல்ல காரியத்துக்காக இருந்தாலும் அடுத்தவர் கணினியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரி ஒன்றின் கணினிப் பராமரிப்பாளர் அங்கிருந்த கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் நிரலை நிறுவினார். அதற்காக அவர்மேல் குற்ற வழக்கே பதிவானது. பல வருடச் சிறை என்று பயமுறுத்தப்பட்ட அந்த வழக்கு, 2002ல் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடும் 2,100 டாலரோடும் முடிந்தது. தண்டனை அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அலுவலகக் கணினி, கல்லூரிக் கணினி என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடவே தொடாதீர்கள்.

கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பாயிங்க் தரும் புள்ளிகளுக்குக் கடையில் மதிப்பு இல்லை. என் அனுபவத்தில், தன் கணினி செய்த வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் ஆட்கள் தங்குகிறார்கள். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் நிரலை நீக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நன்றாகப் புரிந்துகொண்டது ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005ல் ஈர்ப்பு அலைகளைத் தேட ஆரம்பித்த திட்டம், பிறகு பல்சர்களையும் தேடியது. பல்சர் என்றால், வேகமாகச் சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்புகளை வீசும் நியூட்ரான் விண்மீன். 2010ல் அதன் முதல் புதிய பல்சர் அகப்பட்டது. நொடிக்கு சுமார் 41 முறை சுழலும் அந்த விண்மீனை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும் கண்டன. சயின்ஸ் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை அந்த மூவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவர்கள் யாரும் வானியலாளர்கள் இல்லை.

இன்னொரு உதாரணம் இதைவிட விசித்திரமானது. டேவிட் பேக்கரின் ஆய்வகம் 2005ல் தொடங்கிய ரொசெட்டா அட் ஹோம், புரதங்கள் எப்படி மடிகின்றன என்று தேடியது. கணினி புரதத்தை இப்படியும் அப்படியும் மடித்துப் பார்ப்பது ஸ்கிரீன்சேவரில் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆய்வகத்துக்கு எழுத ஆரம்பித்தார்கள்: 'உங்கள் நிரல் தப்பான பக்கம் மடிக்கிறது, எங்களை விட்டால் நாங்கள் சரியாக மடிப்போம்.' ஆய்வகம் அதைத் தள்ளிவிடவில்லை. ஃபோல்டிட் என்ற விளையாட்டே பிறந்தது. ஒரு குரங்கு வைரஸின் நொதி வடிவம் பல வருடமாக ஆராய்ச்சியாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011ல் ஃபோல்டிட் விளையாடியவர்கள் மூன்று வாரத்தில் அதற்குச் சரியான மாதிரியைத் தந்தார்கள். கணினியைக் கடன் கேட்கப் போய் மூளையும் சேர்ந்து கிடைத்தது. வாடகைக்கு எடுத்த சர்வர் யாருக்கும் அப்படிக் கடிதம் எழுதப்போவதில்லை.

பேக்கருக்கு 2024ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள், புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய இருவர். புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் வேலையில் செயற்கை நுண்ணறிவு தன்னார்வக் கணினிகளை மிஞ்சிவிட்டது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் புரதம் கடைசியில் எந்த வடிவத்தில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அது எப்படி அசைகிறது, எப்போது திறந்து மூடுகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைத்தான் ஃபோல்டிங் அட் ஹோம் 2000 முதல் துரத்திக்கொண்டிருக்கிறது. அணுக்களின் அசைவை நொடியின் கோடானுகோடியில் சில பங்கு அளவிலான சின்னச் சின்ன அடிகளாகக் கணக்கிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கிய அந்தத் திட்டம், பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டு 2007ல் ஒரு பெட்டாஃப்ளாப்பைத் தாண்டியது. எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அதற்கு முன் அங்கே போகவில்லை.

2020 மார்ச் வந்தது. அதற்கு முன் அங்கே ஓடிக்கொண்டிருந்தவை சுமார் 30,000 கருவிகள். கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயப்போகிறோம் என்று அறிவித்த பிறகு, எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு, தங்களால் செய்ய முடிகிற ஒன்று கிடைத்தது. திட்டம் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது ஆயிரம் பெட்டாஃப்ளாப்பைத் தொட்டது. சூப்பர் கம்ப்யூட்டர்களின் வேகத்தை அளக்கும் முறை வேறு, இந்தக் கணக்கு வேறு. அப்படியே ஒப்பிடுவது சரியில்லை. என்றாலும் அந்த உயரத்தை அன்றுவரை யாரும் எட்டியிருக்கவில்லை என்பது உண்மை.

அந்த வாரங்களில் என் கணினி உட்பட ஏராளமான கணினிகள் வேலை கிடைக்காமல் காத்திருந்தன. கொடுக்க ஆட்கள் தயார். துண்டுகளைத் தயாரித்து அனுப்பும் சர்வர்களும், கேள்வியை வடிவமைக்கும் ஆராய்ச்சியாளர்களும் அந்த வேகத்துக்கு இல்லை. செட்டி அட் ஹோமின் ஆரம்ப நாட்களில் பார்த்த அதே நெரிசல். கணக்கிடும் திறன் எவ்வளவு வந்தாலும், அதற்கு ஏற்ற கேள்வியை வெட்டித் தயாராக வைத்திருப்பதுதான் அரிது. கடைசியில், வைரஸ் புரதங்களின் அசைவில் மொத்தம் 0.1 நொடியைக் கணக்கிட்டார்கள். கேட்க அற்பமாக இருக்கும். இந்தத் துறையில் அது பிரம்மாண்டம். நிலையான படங்களில் தெரியாமல், புரதம் அசையும்போது மட்டும் திறக்கும் குழிகள் 50க்கும் மேல் அதில் தென்பட்டன. மருந்து போய் உட்காரக்கூடிய இடங்கள் அவை. கோவிட் மருந்து தேடிய கோவிட் மூன்ஷாட் என்ற திறந்த முயற்சியில் எந்த மூலக்கூறை முதலில் செய்து பார்ப்பது என்று வரிசைப்படுத்தவும் இந்தக் கணினிகள் உதவின. காப்புரிமை இல்லாமல் எல்லாருக்கும் திறந்து வைத்த அந்த வேலையின் முடிவுகள் 2023ல் சயின்ஸ் இதழில் வெளியாயின.

செலவைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 'சும்மா கிடப்பதைத்தானே கொடுக்கிறோம், செலவென்ன' என்பது 1999ல் ஓரளவு சரி. அன்றைய பல வீட்டுக் கணினிகள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தை எடுத்தன. இன்றைய பிராசசர்கள் வேலை இல்லாதபோது தங்களின் பெரும்பகுதியை அணைத்துக்கொள்கின்றன. ஆகவே இன்று நீங்கள் கொடுப்பது மின்சாரத்தையும் சேர்த்துத்தான். முழு வேலையில் கணினி கூடுதலாக 80 வாட் எடுக்கிறது, தினம் 10 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 24 யூனிட். 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டு என்றால் 60 யூனிட். அந்த மின்சாரம் அறைக்குள் சூடாகவே முடிகிறது. குளிர்காலத்தில் மின் ஹீட்டர் போடுகிறவருக்கு அது நஷ்டமில்லை. வெயில் காலத்தில் ஏசி போடுகிறவர் இரண்டு முறை பணம் கட்டுகிறார். இதைச் சேர வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் 'முற்றிலும் இலவசம்' என்று அழைக்கும் திட்டங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இருந்தும் ஏன் கொடுக்கிறேன்? நிதிக் குழுக்கள் எல்லாக் கேள்விக்கும் பணம் தருவதில்லை. 100க்குள் இருக்கும் எந்தெந்த எண்ணை மூன்று முழு எண்களின் (எதிர்ம எண்களும் சேர்த்தி) கனங்களைக் கூட்டி எழுத முடியும் என்ற கணிதக் கேள்வியில், கடைசியாக மிச்சமிருந்தது 42. பயன் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2019ல் ஆண்ட்ரூ புக்கரும் ஆண்ட்ரூ சதர்லேண்டும், ஐந்து லட்சம் வீட்டுக் கணினிகளின் சும்மா கிடந்த நேரத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் எண்ணும் 17 இலக்கம். சதுரங்க நிரலான ஸ்டாக்ஃபிஷில் ஒரு வரியை மாற்றினால் ஆட்டம் மேம்படுகிறதா என்று பார்க்க, தன்னார்வலர்களின் கணினிகள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடித் தீர்க்கின்றன. உலகத்திலேயே பலமான சதுரங்க நிரல்களில் ஒன்று இப்படித்தான் வளர்கிறது.

செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே வருடம் டிசம்பர் 1 அன்று அரெசிபோ தொலைநோக்கி இடிந்து விழுந்தது. ஆனால் அவர்கள் மூடிவிட்டுப் போகவில்லை. குவிந்து கிடந்த சுமார் 1,200 கோடிக் கண்டறிதல்களை வடிகட்டி, ஏறத்தாழ நூறு புள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றைச் சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் மறுபடி பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2025ல் வந்த கட்டுரைகளில், எவ்வளவு பலமான சைகை இருந்திருந்தால் தங்கள் கண்ணில் பட்டிருக்கும், எது தப்பியிருக்கும் என்றும் எழுதினார்கள். வேற்றுக்கிரகவாசிகள் கிடைக்கவில்லை. கணினி கொடுத்தவர்களுக்குக் கணக்கு கிடைத்தது.

இப்போது ஆட்கள் முன்போல் இல்லை. மேஜைக் கணினி இருந்த இடத்தில் மடிக்கணினியும் போனும் வந்துவிட்டன. பாயிங்க் 2013லிருந்து ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, வைஃபை இருக்கும்போது மட்டும்தான். பேட்டரி ஆயுளை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு சரியே.

சேர நினைக்கிறவர்கள் ஒரே ஒரு திட்டத்தோடு ஆரம்பியுங்கள். அதன் முடிவுகள் எந்த இதழ்களில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். பட்டியலே இல்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள். நிரலை அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அமைப்பில், பிராசசரின் எல்லா கோர்களையும் கொடுக்காமல் பாதியைக் கொடுங்கள். நீங்கள் கணினியில் இருக்கும்போது வேலை நிற்கும்படி வையுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஓடட்டும். முதல் வாரம் சூட்டைத் தொட்டுப் பாருங்கள், விசிறி சத்தம் போட்டால் இன்னும் குறையுங்கள். கெடு தேதிக்குள் முடிக்க முடியாத வேலையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது அடுத்தவருக்குப் போவதற்குள் ஆய்வகத்துக்கு வாரக்கணக்கில் தாமதமாகும். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், 'புதிய வேலை வேண்டாம்' என்பதை முதலில் அழுத்தி, கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு நீக்குங்கள்.